இஞ்சி டேப்பும் எடை மெஷினும்

போன மார்கழியில் மகன் மஸ்கட்டில் இருந்து லீவுக்கு வந்தபோது பெட்டியில் ஒரு எடை மெஷின் கொண்டு வந்தான். கண்ணாடித் தட்டு, அதில் வெள்ளி நிறத்தில் நான்கு பட்டைகள். வெறுங்காலோடு அதில் ஏறி நிற்க வேண்டும். எடை தெரியும். அப்புறம் மொபைலில் கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வரும்.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் ஏறினார். 64 கிலோ, கொழுப்பு 25 சதவீதம். அடுத்து நான் ஏறினேன். அதே 64 கிலோ. கொழுப்பு 36. ஒரே அடுப்பில் வெந்த சோறு, ஒரே சட்டி மீன்கறி. எனக்கு மட்டும் எப்படிப் பதினொன்று கூடும்? மகன் மொபைலைப் பார்த்துக்கொண்டே, "பொம்பளைகளுக்கு அப்படித்தாம்மா காட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த 36 எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நான் செய்தது பெரிய தப்பு. காலையில் கட்டன் சாயா, மத்தியானம் ஒரு கிண்ணம் கஞ்சி, ராத்திரி ஒன்றுமில்லை. மீனும் முட்டையும் கொழுப்பு என்று நினைத்து அதையும் விட்டேன். 5 கிலோ குறைந்தது. எங்கள் தையல் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் "மெலிஞ்சு நல்லா இருக்கீங்க அக்கா" என்றார்கள். தை மாதம் கல்யாணச் சீசனில் பட்டு ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடந்தன. ஒரு நாள் நாலு மடிப்புத் துணியில் பெரிய கத்திரியை வைத்து அழுத்துகிறேன், வெட்டு விழவில்லை. இருபத்தாறு வருடமாகப் பிடித்த கத்திரி. கையில் வலு இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்து கட்டிங் மேஜையைப் பிடித்தபடி நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி மெஷினில் ஏறினேன். 59 கிலோ. கொழுப்பு 35 சதவீதம். அளவு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 64 கிலோவில் 36 சதவீதம் என்றால் 23 கிலோ கொழுப்பு. 59 கிலோவில் 35 சதவீதம் என்றால் இருபதரை கிலோவுக்குச் சற்று மேல். போன 5 கிலோவில் கொழுப்பு இரண்டரை கிலோ கூட இல்லை. பாதிக்கு மேல் போனது தசையும் தண்ணீரும். அந்த மெஷின் கணக்கைத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் என் கை சொன்னதும் அதையேதான்.

மகள் திருவனந்தபுரத்தில் நர்ஸ். போனில் விஷயத்தைச் சொன்னேன். "எம்மா, கொழுப்புன்னா அழுக்கா, தேச்சுக் கழுவி எடுக்க?" என்று சத்தம் போட்டாள். அழுதாள் கூட. அப்புறம் சாவகாசமாக எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் சொன்னது, அவள் அனுப்பியதைப் படித்து நான் தெரிந்துகொண்டது, தக்கலையில் இந்தத் தையல் கடையில் டேப் பிடித்து நானே பார்த்தது, மூன்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல ஒரு எண்ணைப் பார்த்துப் பட்டினி கிடக்கும் பெண்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் ஜாக்கெட் பிடிக்க வரும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

உடம்பில் ஒரு பங்கு கொழுப்பு உயிர் வாழவே வேண்டும். எலும்பு மஜ்ஜை, நரம்பு, மூளை, உள்ளுறுப்புகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இந்த அத்தியாவசியக் கொழுப்பு ஆணுக்கு உடம்பு எடையில் சுமார் 3 சதவீதம், பெண்ணுக்குச் சுமார் 12 சதவீதம். தொடக்கத்திலேயே 9 சதவீதம் வித்தியாசம்! ஆல்பர்ட் பென்கி என்று அமெரிக்கக் கடற்படையில் ஒரு டாக்டர் இருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு மாதிரி ஆணையும் ஒரு மாதிரிப் பெண்ணையும் எண்களில் வகுத்து வைத்தவர் அவர். இருவருமே இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளவயதுக்காரர்கள். ஆண் 70 கிலோ, கொழுப்பு 15 சதவீதம். பெண் 56.7 கிலோ, கொழுப்பு 27 சதவீதம். அதாவது அந்தப் பெண் 13 கிலோ எடை குறைந்தவள், ஆனால் கொழுப்பு அவளிடம் 5 கிலோ போல அதிகம். அப்படி இருப்பதுதான் அவளுக்கு ஆரோக்கியம். அவர்கள் வேறு தேசத்து ஆட்கள், நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் உள்ள அந்தப் பன்னிரண்டைப் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பதினொன்று எனக்குப் புரிந்தது. மகன் சொன்னது சரிதான். கொஞ்சம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருந்தால் நான் கஞ்சிக் கிண்ணத்தோடு ஒன்றரை மாதம் கிடந்திருக்க மாட்டேன்.

பெண்ணின் கொழுப்பு பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே, தொடையில், தோலுக்கு அடியில் சேருகிறது. கர்ப்ப காலத்துக்கும் தாய்ப்பால் சுரக்கவும் உடம்பு எடுத்து வைக்கும் சேமிப்பு அது. ஆணுக்கு அது வயிற்றைத் தேடிப் போகிறது, அதிலும் தோலுக்கு அடியில் மட்டும் நிற்காமல் குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே போய்ச் சேருகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் துணை போவது இந்த உள்கொழுப்புதான். தசையிலும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. 18 முதல் 88 வயது வரை 468 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துத் தசையை அளந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. ஆணின் உடம்பில் சராசரியாக 33 கிலோ எலும்புத் தசை, பெண்ணுக்கு 21 கிலோ. அந்த வித்தியாசம் காலில் இருப்பதைவிடத் தோளிலும் கையிலும்தான் அதிகம் என்று அதில் கண்டார்கள். தையல்காரிக்கு இது புதிதில்லை. அண்ணன் சட்டையைத் தங்கை போட்டால் தோளில் தொங்கும், இடுப்பில் இறுகும்.

எங்கள் கடையில் ஆம்பளைத் துணி வீட்டுக்காரர் தைப்பார், பெண்களுக்கு நான். பழைய அளவு நோட்டுகளை எறிவதில்லை. 1999-இல் இருந்து இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தேன்.

நல்ல ஞாபகம் இருக்கிற ஒருவரைச் சொல்கிறேன். குளச்சல் பக்கத்தில் இருந்து வரும் ஒரு மீனவத் தம்பி. உயரம் அஞ்சரை அடி. கழுத்து பதினாறரை இஞ்சி, மார்பு 41, வயிறு 32. ரெடிமேட் சட்டை எதுவும் அவருக்குச் சேராது. மார்புக்குப் பார்த்தால் வயிற்றில் கூடாரம், வயிற்றுக்குப் பார்த்தால் பட்டன் பூட்டாது. எடை 78 கிலோ. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் பார்க்கப் போன இடத்தில் உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்த்து, எடை அதிகம், குறைத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்களாம். மனம் விட்டுப் போய் எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரை மெஷினில் ஏற்றினோம். கொழுப்பு 16. வலை இழுத்து இழுத்து ஏறின தசை அது. மேலே சொன்ன பென்கியும் 1942-இல் இதையேதான் எழுதினார். தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் 25 பேரை எடுத்துக்கொண்டார். அன்றைய உயர எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கில்லாதவர்கள். காற்றில் நிற்கும்போது ஒரு எடை, தண்ணீருக்குள் முக்கி இன்னொரு எடை என்று பார்த்து உடம்பின் அடர்த்தியைக் கணக்கிட்டார். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும், அதுதான் சூட்சுமம். அந்த வீரர்களின் எடை பெரும்பாலும் தசை என்று தெரிந்தது. எண்பது வருடம் கழித்தும் நம் ஊர்த் தம்பியைத் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

பெண்களிலும் இதைப் பார்த்தேன். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒரு அக்கா. ஐம்பது வயது. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, அப்புறம் பாலைச் சேர்த்துச் சுமந்து இறங்குகிறவர். 62 கிலோ. தன்னைக் குண்டு என்றுதான் சொல்லிக்கொள்வார். கையின் சுற்று பன்னிரண்டரை இஞ்சி, டேப்பை இழுத்தாலும் அமுங்காது. மெஷின் 28 காட்டியது. அதே வாரத்தில் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி வந்தாள். முப்பத்தேழு வயது, 48 கிலோ. சின்ன வயதில் இருந்து உட்கார்ந்தபடி அண்டிப்பருப்புத் தோல் உரிக்கிற வேலை. ஜாக்கெட்டின் கை பத்து இஞ்சிதான், டேப்பை லேசாக இழுத்தால் அதுவும் ஒன்பதரை ஆகிறது. பார்க்க ஒல்லி. மெஷின் சொன்னது 33. "அக்கா, எனக்கா முப்பத்துமூணு?" என்று சிரித்தாள். சிரித்தாலும் எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு அம்மைக்கும் சர்க்கரை, அப்பனுக்கும் சர்க்கரை.

ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்குள் இப்படிக் கொழுப்பு ஒளிந்திருப்பதைப் பற்றி 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயில் உள்ள டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனில் உள்ள டாக்டர் ஜான் யுட்கின், இரண்டு பேரும் தங்களையே ஸ்கேன் எடுத்து அருகருகே வைத்தார்கள். இருவருக்கும் உயரத்துக்கு உரிய எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒருவர் மாரத்தான் ஓடுகிறவர். நம்மவர் ஓடுவது காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் மூடுவதற்குள் பிடிக்க மட்டும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். பிறக்கும்போது எடை குறைவாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். யாஜ்னிக்கின் குழு புனேப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளையும் அளந்து பார்த்திருக்கிறது. அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. தசையும் வயிற்று உறுப்புகளும் நம் குழந்தைகளுக்கு நன்றாகக் குறைவு, முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பிறக்கும்போதே நம் உடம்பின் கலவை அப்படி என்றால், எடை பார்க்கும் தட்டு அதை எப்படிச் சொல்லும்? நமக்கு பி.எம்.ஐ. 25 வரை போகலாம் என்று சும்மா இருக்கக் கூடாது, 23-இலேயே கவனம் வேண்டும் என்று இந்திய மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இனி மெஷின் விஷயம். கால் வழியாகத் தெரியாத அளவுக்கு மெல்லிய மின்சாரத்தை அது அனுப்புகிறது. தசையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தண்ணீர், அதனால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். அந்தத் தடையை வைத்து மெஷின் கணக்குப் போடுகிறது. வேர்த்து வடிந்து வந்து ஏறினால் ஒரு எண், ஒரு செம்பு தண்ணீர் குடித்து அரைமணி நேரம் கழித்து ஏறினால் வேறு எண். ஒரே நாளில் எனக்கு 34-ம் வந்தது, 37-ம் வந்தது. அதோடு மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. மேலுடம்பை அது பார்ப்பதே இல்லை, நாம் கொடுக்கும் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து ஊகிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் ஒரு வேலை செய்தேன். மொபைலில் என்னை ஆண் என்று மாற்றிவிட்டு ஏறினேன். 36 என்று காட்டின மெஷின் 27 என்று காட்டியது. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, அதே கால், அதே தட்டு. அந்த 27-ஐப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். என்னைப் பட்டினி போட்ட எண்ணில் இவ்வளவு பங்கு அதன் ஊகம்! மாதக்கணக்கில் ஒரே நேரத்தில், காலையில் வெறும் வயிற்றில் ஏறிப் பார்த்தால் கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கு தெரியும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறவே வேண்டாம்.

டேப்பை நான் நம்புகிறேன். என் அளவு என் நோட்டிலேயே இருக்கிறது. 2003-இல் வயிறு 29, இடுப்புச் சுற்று 38. இருபது வருடம் கழித்து வயிறு 36, இடுப்புச் சுற்று 41. கீழே கூடியது மூன்று இஞ்சி, நடுவில் ஏழு. அந்த ஏழிலும் ஐந்து இஞ்சி நாற்பத்தேழு வயதுக்குப் பிறகு, மாதவிலக்கு நின்ற காலத்தில் வந்தது. என்னுடையது மட்டும் இல்லை, அந்த வயதைத் தாண்டின வாடிக்கைக்காரப் பெண்கள் பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் இருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை கொழுப்பு தொடைக்கும் இடுப்புக்கும் போகிறது. அது குறைந்ததும் ஆண்களைப் போல வயிற்றுக்குப் போக ஆரம்பிக்கிறது. "துணி சுருங்கிட்டு அக்கா" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். துணி சுருங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே விட்ட துணியைப் பிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவேன், ஒன்றும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீங்களே அளந்து பாருங்கள். சேலைக் கட்டில் வைத்தோ வேட்டிக் கட்டில் வைத்தோ பிடிக்கக் கூடாது, அங்கே பிடித்தால் வயிறு தப்பிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். நம் நாட்டில் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சி. ஆணுக்கு 90, அதாவது முப்பத்தைந்தரைக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் சர்க்கரையும் பிரஷரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டுக்காரருக்கு பி.எம்.ஐ. 22.7. அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் ஐந்து வருடமாக ரத்தம் கொடுத்துப் பார்க்காமல் இருந்தார். ஒரு சாயங்காலம் கடை அடைத்த பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி நான் டேப் பிடித்தேன். முப்பத்தேழரை. கல்யாணச் சட்டைக்கு அவரே தனக்குப் போட்ட அளவு நோட்டில் 30 என்று இருந்தது. கையும் காலும் அன்றைவிட மெலிந்திருந்தன. எடை கூடாததற்குக் காரணம் அதுதான், தசை போன இடத்தை வயிறு நிரப்பியிருக்கிறது. டேப்பை அவர் கையில் கொடுத்தேன். அவரும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். மறுநாள் காலையில் சாயா குடிக்காமல் லேப்புக்குக் கிளம்பிப் போனார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. இன்னும் நோய் என்று ஆகவில்லை, வாசலில் நிற்கிறது. இப்போது தினமும் பத்மநாபபுரம் கோட்டை வரை நடந்துவிட்டு வருகிறார். போன வாரம் முப்பத்தாறே முக்கால்.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. 79 வயது. பத்து வருடமாக எடை 45, 44 என்று அப்படியே நிற்கிறது. அதனால் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. ஆனால் அவருக்கு ஜம்பர் தைப்பது நான்தானே. கையின் சுற்று 2012-இல் பதினொன்று, இப்போது ஒன்பது. தட்டு சொல்லாத ஒன்றை அந்த இரண்டு இஞ்சி சொல்லியிருக்கிறது, நான் துணியைச் சின்னதாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறேன். வயதானால் தசை கரையும், ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி. ஆனால் தொடக்கத்திலேயே குறைவாக வைத்திருப்பவள் பெண். அவள் சீக்கிரமே எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறாள். அதோடு சாப்பாடு. எங்கள் வீட்டில் மீன் வாங்காத நாள் குறைவு. சாளையோ நெத்தோலியோ சூரையோ, நடுத்துண்டெல்லாம் ஆம்பளைகளுக்குப் போகும். கடைசியில் இருந்து சாப்பிடும் மாமியாருக்கும் எனக்கும் குழம்பும் தலையும். அது அவர் பழக்கின பழக்கம், நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். தசைக்கு வேண்டிய புரதம் அந்த நடுத்துண்டில் இருக்கிறது. இப்போது முதலில் அவருக்கு வைக்கிறேன். "எனக்கு எதுக்கு மக்களே, அவனுக்கு வை" என்று தட்டை நகர்த்துவார். நான் வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். ராத்திரி கஞ்சிக்குச் சிறுபயறு, காலையில் ஒரு முட்டை. நானும் சாப்பிடுகிறேன். 62 கிலோவுக்கு வந்துவிட்டேன், கத்திரி பிடிபடுகிறது.

மாமியாருக்கு மகள் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்போடு கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும், திரும்ப உட்கார வேண்டும். தொடங்கின அன்று கை ஊன்றாமல் ஒருமுறை கூட முடியவில்லை, நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். சாயங்காலம் செய்தி போடும் நேரத்தில் முன்னறையில் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, மூச்சு வாங்க, சத்தமாக எண்ணுவார். நான் கடையில் இருந்து தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். நேற்று ஏழு வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, எட்டு.